பத்மாவுக்கு ஓர் அண்ணன்

சேரப்பணஞ்சேரி
11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள தங்கை கங்கம்மாளுக்கு அண்ணன் ராமன் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நாகர்கோவிலில் நீயும் உன் காதும் எப்படி? போனில் நான் கத்துவதும் நீ "ஆங்? ஆங்?" என்பதும், நம் வீட்டு விஷயமெல்லாம் எதிர்வீட்டுக்காரனுக்கு மனப்பாடம் ஆவதும் போதும். இனிமேல் கடிதம்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்கள் எல்லாரும் டிப்ளமோ படித்தவர்கள். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நின்றே காலம் தள்ளிய நர்ஸம்மா நீ. இப்போதுதான் ரிட்டயர் ஆகியிருக்கிறாய், உட்கார்ந்து படி.

இதை எழுதுகிறவள் வேல்விழி. நாங்குநேரிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் வேலை. நான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டோம். "இருமினாக்கூட எழுதணுமா தாத்தா?" என்று கேட்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். இதை எழுதாதே அம்மா.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் வந்த 'மாடிப் போர்ஷன்' நாடகம் ஞாபகம் இருக்கிறதா? நீ மாற்றலில் வந்து குன்றத்தூரில் ஒரு வருஷம் வேலை பார்த்தாயே, அந்த வருஷம் வியாழக்கிழமை ஆனால் டியூட்டி முடிந்து ஓடி வருவாய், நானும் டீக்கடையைச் சீக்கிரம் மூடிவிடுவேன். கோடம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் கல்யாணம் ஆகாத நாலு பெண்கள். ஒவ்வொருத்தியும் ஒருத்தனைக் கடற்கரையிலோ ஓட்டலிலோ பார்த்துப் பேசிவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை தலை குளித்து, மொட்டைமாடியில் முடியைக் காயப்போட்டுக்கொண்டு, பார்த்து வந்த ஆண்களை எல்லாரும் சேர்ந்து கிழித்துத் தொங்கப்போடுவார்கள். "பொண்ணுங்கோ ஊரு சுத்துறதெல்லாம் ஒரு நாடகமா?" என்று உன் அண்ணி முணுமுணுத்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பாள். நிறுத்த மாட்டாள்.

அந்த நாடகம் இப்போது போனில் கிடைக்கிறதாம். நான் ஒரு நாள் கதை சொல்லப்போக, நாச்சியார் தேடி எடுத்துவிட்டாள். நாச்சியாரும் மாடிப் பெண்தான், வேல்விழியோடு ஒரே அறை. போனிலிருந்து என் டிவிக்கு மாற்றி, ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிறோம். அதில் ஒருத்தி வாய் திறப்பதற்கு முன்பே என்ன பேசப்போகிறாள் என்று நான் சொல்லிவிடுகிறேன். என்னை வெளியே உட்காரச் சொல்கிறார்கள். என் வீட்டிலேயே!

கண்ணைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை. பதில் போடு.

உன் அண்ணன்
ராமன்


நாகர்கோவில், வடசேரி
24 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள அண்ணனுக்குக் கங்கா எழுதுவது.

உங்கள் கடிதம் கண்டு மனசு நிறைந்தது. வேல்விழி கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அவளுக்கு என் அன்பு. நான் சுகம். காதுதான் இன்னும் மோசம். மெஷின் வைத்தால் விசிலடிக்கிறது, வைக்காவிட்டால் உலகமே பஞ்சுக்குள் பேசுகிறது. போன வாரம் காது டாக்டரிடம் ஜெபகுமார் சார் அழைத்துப் போனார். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருந்தவர், எனக்கு முன்னால் ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி எழுதி எனக்குக் காட்டினார். டாக்டரே சிரித்துவிட்டார்.

'மாடிப் போர்ஷன்' மறக்குமா? அந்த நாலு பேரில் மூத்தவள் பத்மாவைத்தான் எனக்குப் பிடிக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துவாளே. மற்ற மூன்று பேரும் அழுது தீர்த்த பிறகு எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுப்பவள் அவள்தான். அவளுடைய கதை வரும்போது மறக்காமல் எழுதுங்கள் அண்ணா. டைப்ரைட்டிங் மெஷின் ரிப்பேர் செய்ய வரும் சாமுவேல் வந்துவிட்டாரா?

மழைக்கு முன்னால் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள். நீங்கள் ஏறாதீர்கள்.

கங்கா


சேரப்பணஞ்சேரி
15 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு ராமன் சொல்வது.

நலம். தொட்டி கழுவியாகிவிட்டது, நான் கீழே நின்று அதிகாரம் மட்டும் பண்ணினேன். உனக்கு உதவி செய்கிற அந்த எக்ஸ்ரே சாருக்கு என் வணக்கத்தைச் சொல். காதோடு கிடந்து நீ தனியே அல்லாட வேண்டாம் என்று எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

நாடகம் நன்றாக ஓடுகிறது. அன்றைக்கு நாம் வாயைப் பிளந்து பார்த்ததையெல்லாம் இந்தப் பெண்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். பேங்க்கில் வேலை செய்கிறவளை ஒருத்தன் ஓட்டலில் ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, இடுப்பில் பேஜரோடு வருவான் அல்லவா? நீ அன்றைக்கு "பாவம், வேலை இருந்திருக்கும்" என்றாய். வேல்விழி, "இவன ரெண்டாவது நாளே பிளாக் பண்ணிருக்கணும்" என்கிறாள். கடற்கரையில் சுண்டல் வாங்கிக் கொடுத்து, உங்கள் வீட்டில் எத்தனை பவுன் போடுவார்கள் என்று கேட்டவன் வந்ததும் கூடமே எழுந்து நின்று திட்டியது. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் மனைவி போன ஞாயிறிலிருந்து இங்கே வந்து உட்காருகிறாள்.

நீ கேட்ட சாமுவேலும் வந்துவிட்டான். கையில் எண்ணெய்க் குப்பி, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். முதலில் மாசத்துக்கு ஒரு தடவை வந்தான். பிறகு வாரம் ஒரு தடவை. நாச்சியார் சொல்கிறாள்: "மிஷின்ல ஒரு ரிப்பேரும் இல்ல தாத்தா. இந்தாளுதான் ரிப்பேரு." விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒரு குறை. கடைசி எபிசோட் மட்டும் போனில் இல்லை. போட்ட புண்ணியவான் அதற்கு முந்தினதோடு நிறுத்திவிட்டான். நானும் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. அந்த வியாழன் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊரே இருட்டு. நீ அதற்குள் நாகர்கோவிலுக்கே திரும்பிப் போய்விட்டாய். நீயாவது அங்கே பார்த்தாயா? எனக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை. எனக்கே ஞாபகம் இல்லை என்றால் நீ சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராமன்


நாகர்கோவில்
2 அக்டோபர் 2024

அன்பான அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் பெண்களும் சுகம் என்று நம்புகிறேன். எதிர்வீட்டு அம்மாளும் வந்து சேர்ந்துவிட்டாளா? அன்றைக்கு அவள்தானே அண்ணியிடம் வந்து அந்த நாடகத்தைப் பற்றிக் குறை சொன்னவள்?

போன ஞாயிறு கன்னியாகுமரி போயிருந்தேன். ஜெபகுமார் சாரும் அவருடைய மகளும் அவள் குழந்தையும் வந்திருந்தார்கள். மகள் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். நல்ல பெண். குழந்தை என் காது மெஷினைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. மகள் திரும்பிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொன்னாள். கடல் இரைச்சலில் பாதிதான் கேட்டது. பாதி போதும்.

சாமுவேல் பத்மாவிடம் கேட்கிற இடம் வந்துவிட்டதா? மாணவர்கள் எல்லாரும் போன பிறகு மெஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டே, "மிச்ச நாளைக்கு ஒரே வீட்ல இருந்தா என்ன டீச்சர்?" என்பாரே. பத்மா மிச்ச மெஷினுக்கெல்லாம் உறை போட்டு முடிப்பாள்.

ஒன்று கேட்கிறேன் அண்ணா. நீங்கள் பத்மாவுக்கு அண்ணனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவள் வயசையும், அவர் வேறு மதம் என்பதையும் நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். சும்மாதான் கேட்கிறேன். அவசரம் இல்லை, மெதுவாக யோசித்தே சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். ஜெபகுமார் சார் வாங்கிக் கொடுத்தது.

கங்கா


சேரப்பணஞ்சேரி
13 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

சுகம். ஆயுத பூஜை நன்றாக நடந்தது. பெண்களின் கம்பெனியில் பொரியும் கடலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார்கள், வீடெல்லாம் பொரி. தைலம் வந்தது, நல்ல சூடு. இரண்டு மாடிப்படி ஏறிப் பார்த்தேன். கோபப்படாதே.

நீ கேட்டதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? இன்று எல்லாரும் கூடத்தில் இருக்கும்போதே உன் கடிதத்தை வேல்விழி படித்தாள், நானும் அங்கேயே பதில் சொன்னேன். பத்மாவுக்கு நான் அண்ணனாக இருந்தால் அந்த ஆளின் எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். "இன்னாமே, தலை நரைச்சப்பறம் மாலையும் கழுத்துமா நின்னா ஊரு சிரிக்காதா? சர்ச்சுல நிப்பியா, கோயில்ல நிப்பியா? இத்தினி வருசம் கெவுரவமா இருந்துட்டே, இன்னும் கொஞ்ச நாளு அப்டியே ஓட்டிட்டுப் போவியா!" என்று கேட்டிருப்பேன். எழுந்து நின்று கையை ஆட்டிச் சொன்னேன். நாச்சியார் கைதட்டினாள். எதிர்வீட்டு அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

வேல்விழி மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு, "இத அப்டியே எழுதணுமா தாத்தா?" என்றாள். சொன்னது சொன்னபடி என்பதுதானே நம் ஒப்பந்தம், எழுது என்றேன்.

பதில் போடு. அங்கே மழை பிடித்துவிட்டதா?

ராமன்


சேரப்பணஞ்சேரி
8 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள கங்காவுக்கு ராமன் சொல்வது.

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளிக்கு நீ ஒரு கார்டாவது போடுவாய் என்று பார்த்தேன். தபால்காரனைக் கேட்டால், "உங்க தங்கச்சி எழுதாததுக்கு நான் இன்னா பண்றது?" என்கிறான். போனில் பேசினேன். நீ நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். என் பேச்சு கேட்டதோ கேட்கவில்லையோ தெரியவில்லை.

இங்கே புயல் மழை. கம்பெனி பஸ் ஊருக்குள் வர முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றது. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, பயப்படாதே. நாச்சியாருக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "ஒங்க கஞ்சிக்குப் பயந்தே காச்ச ஓடிட்டு தாத்தா" என்றாள்.

நாடகத்தில் கடைசிக்கு முந்தின எபிசோடுக்கு வந்துவிட்டோம். பத்மா பதில் சொல்லாததால் சாமுவேல் வருவதை நிறுத்திவிட்டான். அவள் நல்ல மெஷின் ஒன்றைத் தானே கழற்றி வைத்துவிட்டு, ரிப்பேர் என்று சொல்லி ஆள் அனுப்பலாமா என்று யோசிப்பாள். அதோடு முடிந்தது. இதற்கு மேல் போனில் இல்லை. பெண்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எக்ஸ்ரே சாரிடம் சொல்லியாவது ஒரு வரி எழுதச் சொல்.

ராமன்


நாகர்கோவில்
20 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

நான் நலம். மழையில் நீங்கள் எல்லாரும் பத்திரம் என்பது தெரிந்து நிம்மதி. எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை, வேறு காரணம் இல்லை.

காது அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. ஜெபகுமார் சார் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பத்மா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். யோசித்துப் பார்த்தேன். ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

நாச்சியாருக்கு நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

கங்கா


சேரப்பணஞ்சேரி
19 ஜனவரி 2025, ஞாயிறு

என் அருமைத் தங்கை கங்காவுக்கு அண்ணன் ராமன் சொல்வது.

சுகம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் ஊருக்குப் போய்விட்டு, ஒவ்வொருத்தியும் ஒரு மூட்டை முறுக்கோடு திரும்பி வந்துவிட்டார்கள். என் பல்லுக்கு இது தேவையா?

முதலில் ஒரு சங்கதி. இந்தப் பெண்கள் வீட்டுக்குப் போன் பேசுவதை நான் தினம் கேட்கிறேன். கூடத்தில் நின்றால்தான் டவர் கிடைக்கும், அதனால் எல்லாப் பேச்சும் என் தலைக்கு மேலேதான். வேல்விழி அம்மாவிடம் பேசும்போது எப்போதும் ஒரு தோழி வருவாள். "எம்மா, என் லைன்ல ஒரு பிள்ள, ஒரு பையனப் பிடிச்சிருக்குன்னு சொல்லுதா, அவ வீட்ல ஏசுவாகளா?" என்பாள். "எம்மா, அந்தப் பிள்ளைக்கு நைட் ஷிப்ட் ஒத்துக்கல, வேலைய விட்டுட்டுப் படிக்கலாமான்னு கேக்கா" என்பாள். அந்தப் பக்கம் அம்மாவும் அந்தத் தோழிக்கே பதில் சொல்வாள். போன வாரம் நான் வேல்விழியிடம், "அந்தப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பிரச்சன? இட்டுகினு வா, ஒரு நாளு நம்ம வூட்ல சாப்புடட்டும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தாத்தா, அப்டி ஒரு பிள்ள கெடையாது. வீட்ல நேராக் கேக்க முடியாததுக்கு எல்லாரும் ஒரு தோழிய வச்சிருக்கோம். நாச்சியாருக்கு ரெண்டு தோழி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒங்க தங்கச்சி எழுதினத இன்னொரு தடவ வாசிக்கட்டுமா?"

வாசித்தாள். அதற்கு முந்தினதையும் வாசிக்கச் சொன்னேன். கேட்டு முடிக்கும்போது கையிலிருந்த டீ ஆறிவிட்டது.

இனி நல்ல சேதி. கடைசி எபிசோட் கிடைத்துவிட்டது. நாச்சியாரின் மாமா மகன் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தான். எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தோம். நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

பத்மா இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறாள். நேரே அவள் அண்ணனிடம் போகிறாள். அண்ணன் ஒரு கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறான். பெரிய அறிவாளி இல்லை. கொஞ்சம் அவசரப் புத்தி, நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தில் பாதி சொல்வதற்குள் இவன் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறான்:

"இன்னாமே, இத்தச் சொல்ல உனுக்கு இவ்ளோ நாளா? ஊரு சிரிக்கும்னு எவனோ சொன்னானாமே. சொன்னவன் ஒரு மடையன். ஊரு நீ தனியா நடந்து போனாலும் சிரிக்கும், சோடியாப் போனாலும் சிரிக்கும். சிரிச்சிட்டு அவன் அவன் வூட்டுக்குப் போயி அவன் அவன் சோத்தத் துன்னுவான். உன் காச்சலுக்கு எவனாவது கஞ்சி வெச்சிக் குடுப்பானா? அந்தாளு எந்தச் சாமிய வேணா கும்புடட்டும். உனுக்கு ஒண்ணுன்னா ஓடியாறாரு இல்ல? அது போதும். அவுரு வர்ல, வர்லன்னு குந்திகினு இருக்காத. வராதன்னது நீதானே? நீயே போயிக் கூப்புடு."

பத்மா அழுகிறாள். அவனும் அழுகிறான், ஆனால் அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்கிறான். அப்புறம் அவள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறாள். அவ்வளவுதான் காட்டினார்கள். மிச்சத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

எனக்கு இந்த முடிவு பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

உன் அண்ணன்
ராமன்

(பாட்டி, இந்த எபிசோட் எங்கள் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. தாத்தா சொல்லச் சொல்ல ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாவும் பிடித்திருந்தது என்று எழுதச் சொன்னார்கள். வேல்விழி, நாச்சியார்.)


நாகர்கோவில்
2 பிப்ரவரி 2025

என் அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

அந்தக் கடைசி எபிசோடை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன் அண்ணா. இங்கே நர்சுகள் விடுதியில், எல்லாரோடும் உட்கார்ந்து. பத்மா எந்தப் பஸ்ஸும் ஏற மாட்டாள். சாமுவேல் கடைசியாக ஒரு தடவை வருவார். அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்து, "எனக்கு இதுவே பழகிப்போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இன்ஸ்டிட்யூட் பலகையைத் துணியால் துடைப்பாள். பாட்டோடு முடியும். விடுதியில் எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். அப்புறம் டியூட்டிக்குப் போனேன். உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

பத்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமே கிடையாது. முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். பேஜர்க்காரன் எந்த ஓட்டலுக்கு வந்தான் என்பது வரை ஞாபகம் வைத்திருக்கிற நீங்கள் இதை மறந்திருக்க மாட்டீர்கள்.

போன ஞாயிறு நானே போனேன். ஜெபகுமார் சார் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதெல்லாம் மறந்துவிட்டது. "அண்ணன் சரின்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் ஹோஸை அப்படியே கீழே போட்டுவிட்டார், தண்ணீர் பாட்டுக்குத் தெருவில் ஓடியது. "ஒங்களுக்குக் காது கேக்காதுல்லா, அதனால சத்தமாச் சொல்லுதேன்" என்று சொல்லி, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி, "எனக்குச் சம்மதம், எனக்குச் சம்மதம்" என்று கத்தினார். கதவுகள் எல்லாம் திறந்தன. ஊர் சிரித்தது அண்ணா. நன்றாகவே சிரித்தது. எனக்கு அன்றைக்குத் தெளிவாகக் கேட்டது.

கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்று பேசி முடித்திருக்கிறோம். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் நடக்குமாம், மார்ச் ஐந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று சாட்சி வேண்டுமாம். அவருடைய மகள் ஒன்று, என்னோடு வேலை பார்த்த கனகலட்சுமி ஒன்று. மூன்றாவது ஆளாக நீங்கள் வர வேண்டும். வேறு யாரையும் நான் கேட்க மாட்டேன்.

உங்கள்
கங்கா


சேரப்பணஞ்சேரி
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புத் தங்கைக்கும், வரப்போகிற மாப்பிள்ளைக்கும் ராமன் சொல்வது.

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை வேல்விழி கூடத்தில் படித்தாள். சார் கத்திய இடம் வந்ததும் நாச்சியார் ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். என் வயசுக்கு யாரும் செய்யக் கூடாத காரியம். இங்கே டிவியில் இப்போது ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உன் கல்யாணப் பேச்சே போதும்.

ரயிலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. வேல்விழி ஊருக்குப் போகிற சாக்கில் என்னோடு நாங்குநேரி வரை வருகிறாள். அவள் அம்மாவிடம் நேரில் பேச ஏதோ இருக்கிறதாம். என்ன என்று நான் கேட்கவில்லை. அவளே சொல்வாள்.

மாப்பிள்ளையிடம் ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடு. படித்த மனுஷன், எக்ஸ்ரே மெஷினெல்லாம் ஓட்டியவர். நாளைக்கு ஆபீஸில் எல்லார் முன்னாலும் பெண்ணின் அண்ணன் கைநாட்டு வைத்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடக் கற்றுத் தருகிறேன் என்று நாச்சியார் இரண்டு நாள் போராடினாள். என் பேரை எழுதச் சொன்னால் நண்டு ஊர்ந்த மாதிரி வருகிறது. வேண்டாம், கல்யாணப் பத்திரத்தில் நண்டு எதற்கு?

இன்னொரு பயமும் இருந்தது. டீ பாய்லரைத் தொட்டுத் தொட்டு என் கட்டைவிரல் ரேகை எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் வைத்தால், இது யார் என்று அதற்குத் தெரிவதே இல்லை. ஒவ்வொரு மாதமும் சண்டை. உன் கல்யாணத்திலும் இப்படி ஆகிவிட்டால்? ஸ்ரீபெரும்புதூர் போய்ப் பத்திரம் எழுதுகிறவரிடம் விசாரித்துவிட்டு வந்தேன். அவர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெஷின் இல்ல பெரியவரே, மைதான். அழுத்தி வெச்சா விழும்" என்றார்.

அழுத்தி வைக்கிறேன் கங்கா.

உன் அண்ணன்
ராமன்